பாடத்தில் மாணவனுக்குப் பங்குண்டா?

அறபு மொழியில் வினைச்சொற்களுக்கென்று வாய்பாடுகள் உண்டு. 'இல்ம்' என்னும் அறிவிலிருந்து பிறந்த 'தஃலீம்' என்ற சொல், ஒருவர் மற்றொருவரை அறியச் செய்வதைக் குறிக்கும். அங்கே கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் மற்றொருவர். ஆனால் நம் மத்ரஸாக்களில் மாணவர்கள் வட்டமாக அமர்ந்து, அன்று ஓதிய பாடத்தைத் தமக்குள் உசாவித் தெளியும் வழக்கத்திற்கு 'முதாகரா' என்று பெயர். அது 'முஃபாஅலா' என்னும் வாய்பாட்டைச் சேர்ந்தது. வினை இருபுறமும் நிகழ்வதே அவ்வாய்பாட்டின் இயல்பு. ஒருவர் நினைவூட்டுகிறார், அவருக்கே மற்றவர் நினைவூட்டுகிறார்.

கற்பித்தல் என்பது தஃலீமா, முதாகராவா? இவ்வினா இன்று உலகப் பல்கலைக்கழகங்களில் புதியதொரு வடிவில் எழுந்திருக்கிறது. ஆசிரியர் தம்முடைய கற்பித்தலையே ஆய்வுப் பொருளாக்கி, 'என் பாடம் ஏன் சிலருக்கு எட்டவில்லை?' என்று ஆராயப் புகும்போது, மாணவனை வெறும் சான்றாக நிறுத்தி வினாத்தாள் நீட்டுவதா, அல்லது ஆய்வின் பங்காளியாகவே சேர்த்துக்கொண்டு, எதை ஆராய்வது என்பதிலிருந்து முடிவை எழுதுவதுவரை அவனோடு கலந்து செய்வதா? அமெரிக்காவின் பிரின்மார் கல்லூரியில் 2006-07 கல்வியாண்டில் தொடங்கிய ஒரு முறைப்படி, அப்பாடத்தைப் பயிலாத மாணவர் ஒருவர் வாரந்தோறும் ஆசிரியரின் வகுப்பில் அமர்ந்து குறிப்பெடுத்து, பின்னர் ஆசிரியரோடு தனியே உரையாடுகிறார். அவ்வுழைப்புக்கு அவருக்கு ஊதியமும் உண்டு. 2017 முதல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் இப்பொருளுக்கென்றே ஓர் ஆய்விதழை வெளியிட்டு வருகிறது.

மேல்நாட்டார் ஆய்விதழுக்கும் விருதுநகர்க் கரிசல் மண்ணுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. அதைக் கூறுமுன், நம் இல்லங்களில் எழக்கூடிய முதல் மறுப்பைப் பார்த்துவிடுவோம்.

அதபுக்கு இழுக்கா?

'உஸ்தாதின் பாடத்தை மாணவன் எடை போடுவதா? அது அதபுக்கு மாறானதன்றோ?' இக்கேள்வியை எள்ளி நகையாடுவது முறையன்று. ஆசானைப் போற்றும் பண்பு அழிந்த இடத்தில் கல்வி வெறும் கொடுக்கல் வாங்கலாகிவிடும். ஆனால் மரியாதை வேறு, மௌனம் வேறு.

பெருமானார் (ஸல்) அவர்கள் தோழர்களிடம் ஒருமுறை, இலையுதிராத, இறைநம்பிக்கையாளனுக்கு ஒப்பான மரம் எதுவென்று கேட்டார்கள். அவையிலிருந்தோர் காட்டு மரங்களையெல்லாம் எண்ணிக்கொண்டிருக்க, அங்கிருந்தோரில் இளையவரான அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு அது பேரீச்சை என்று பட்டது. பெரியவர்கள் இருக்கும் அவையில் வாய்திறக்க வெட்கி அமைதியாக இருந்துவிட்டார்கள். பின்னர் இதையறிந்த தந்தை உமர் (ரலி) அவர்கள், 'நல்லவேளை, அடக்கமாக இருந்தாய்' என்று மகனைப் பாராட்டவில்லை. நீ அதைச் சொல்லியிருந்தால் அதைவிட எனக்கு உவப்பானது வேறில்லை என்னும் கருத்துப்படவே பேசினார்கள். அதே உமர் (ரலி) அவர்கள் கலீபாவான பின்னர், பத்றுப் போரில் கலந்த மூத்தவர்களின் அவையில் இளைஞரான இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களை அமர்த்தி, இறைமறையின் ஓர் அத்தியாயத்திற்குப் பொருள் கேட்டதும் புகாரியில் பதிவானதே.

ஹதீதுக் கலையை வகுத்தவர்கள் இதற்கென்று ஒரு பிரிவே வைத்தார்கள். மூத்தவர் இளையவரிடமிருந்தும், ஆசிரியர் மாணவரிடமிருந்தும் செய்தி அறிவிப்பதை இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) தம் நூலில் தனி வகையாகவே பேசுகிறார். அதனால் மூத்தவரின் மதிப்புக் குறைந்ததாக எவரும் எழுதவில்லை.

தமிழ் மரபும் இதையே காட்டும். இறையனார் அகப்பொருளுக்குப் புலவர்கள் பலர் உரை கண்டபோது, எவ்வுரை மெய்யுரை என்று தேர்ந்தவன், வாய்பேசாச் சிறுவனான உருத்திரசன்மன் என்று மதுரைச் சங்கத்தைப் பற்றிய வரலாறு கூறுகிறது. நக்கீரர் உரை படிக்கப்பட்டபோது சொல்தோறும் அவன் கண்ணீர் வார்ந்து மெய்சிலிர்த்தான் என்பர். கேட்பவனின் உடலே உரைகல்லானது. நன்னூலாரோ, ஆசிரியர் கூறியதை முழுதும் கொண்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது கால் பங்கே என்றும், உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு கால் பங்கும், பிறர்க்கு உரைப்பதால் எஞ்சிய அரையும் நிறையும் என்றும் கணக்கிட்டார். ஆசிரியர் ஒருவரால் நிறைவாகாத ஒன்றை, ஆசிரியரை மட்டும் கேட்டு எவ்வாறு ஆராய முடியும்?

பாடப்பொருளை ஆசிரியர் நன்கறிவார். நன்கறிந்ததாலேயே அறியாமை எப்படியிருக்கும் என்பதை அவர் மறந்துபோகிறார். எந்த வரியில் புரிதல் அறுந்தது, எந்தச் சொல்லில் மனம் விலகியது என்பது மாணவனுக்கு மட்டுமே தெரிந்த செய்தி. அவனைப் பங்காளியாக்குவது அவனுடைய புலமையை ஆசிரியரின் புலமைக்குச் சமமாக்குவதன்று. அவனிடம் மட்டுமே உள்ள செய்திக்கு உரிய மதிப்பளிப்பதாகும்.

மாணவர் எனும் தோழர்

கூபாவில் பட்டு வணிகம் செய்த இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் அவையில், ஒரு மஸ்அலா எழுந்தால் மாணவர்கள் எதிர்வாதம் புரிவார்கள். விவாதம் முதிர்ந்த பின்னரே முடிவு எழுதப்படும் என்று வரலாற்றாசிரியர்கள் குறிக்கின்றனர். அம்மாணவர்களில் தலையாயோர் இமாம் அபூயூசுப், இமாம் முஹம்மது (ரஹ்) ஆகிய இருவர். ஹனபி நூல்கள் இவ்விருவரையும் 'ஸாஹிபைன்', அதாவது 'இரு தோழர்கள்' என்று சுட்டுகின்றன. ஆசிரியரோடு அவர்கள் மாறுபட்ட இடங்களையும் அந்நூல்கள் மறைக்காமல் எழுதின.

அவற்றுள் ஒன்று நம் நாட்டு உழவருக்கு நன்கு விளங்கும். நிலம் ஒருவருடையது, உழைப்பு மற்றொருவருடையது, விளைச்சலில் பங்கு என்னும் வாரச் சாகுபடியை அறபியில் 'முஸாரஆ' என்பர். அது கூடாதென்றார் இமாம். கூடும் என்றனர் தோழர் இருவரும். மக்களின் தேவையும் நடைமுறையும் கருதி, பின்வந்த ஹனபி அறிஞர்கள் தோழர்களின் கருத்தையே தீர்ப்பாகக் கொண்டனர். கூட்டு விளைச்சல் ஆகுமென்ற முடிவு, ஆசிரியரோடு மாறுபட்ட மாணவரிடமிருந்தே வந்தது! இமாமின் பெருமை இதனால் ஒரு முடியளவும் குறையவில்லை.

ஆராயப்பட்ட ஊர்

இனி நம் ஊருக்கு வருவோம். சிவகாசித் தொழிலின் கதையே மாணவர் கதைதான். 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று, தீப்பெட்டித் தொழிலைப் பழகிக்கொண்டு ஊர் திரும்பினர். மழை குறைந்த அந்நிலத்தில் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் வேர்விட்டன. தொழிலில் வந்த பொருள் கல்விக்கும் சென்றது. விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி 1947இலும், வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி 1962இலும், சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963இலும், ராஜரத்தினம் மகளிர் கல்லூரி 1968இலும் எழுந்தன.

இவ்வளர்ச்சிக்கு ஒரு நிழலும் இருந்தது. விடியுமுன் கிராமங்களுக்கு வந்த வண்டிகளில் சிறுவர் சிறுமியர் தீப்பெட்டி ஆலைகளுக்கு ஏற்றிச் செல்லப்பட்டனர். 1983இல் ஸ்மிது கோத்தாரி அதுபற்றி எழுதிய கட்டுரை நாட்டை உலுக்கியது. 1990இல் சலம் பெண்ணூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்னும் ஆவணப்படம் உலக அரங்குகளுக்குச் சென்றது. எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்து, குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் நலநிதிக்குச் செலுத்த வேண்டும் என்றது. இம்முயற்சிகளின் பயனாகப் பல்லாயிரம் குழந்தைகள் பள்ளியை அடைந்தனர். அவ்வாய்வாளர்களுக்கு நன்றி கூறுவது நம் கடமை.

ஆயினும் ஒன்று சிந்திக்கத்தக்கது. சிவகாசிக் குழந்தைகளை எண்ணியவர்கள் பலர். படம் பிடித்தவர்கள் பலர். 'பள்ளி எப்படியிருந்தால் அங்கே தங்குவாய்?' என்று அக்குழந்தையையே ஆய்வாளனாக்கிக் கேட்டவர்கள் மிகச் சிலர். இத்தாலிய மலைச் சிற்றூரான பார்பியானாவில் இது நடந்தது. பள்ளிகள் தேர்ச்சியின்றித் தள்ளிய உழவர் பிள்ளைகளைச் சேர்த்துப் பாதிரியார் லொரென்ஸோ மிலானி கற்பித்தார். அவர்களுள் எட்டுச் சிறுவர்கள், எந்த வகுப்பில் எவர் பிள்ளைகள் தள்ளப்படுகிறார்கள் என்று தாமே புள்ளிவிவரம் தொகுத்து, 1967இல் ஓர் ஆசிரியைக்கு எழுதிய கடிதமாக நூல் வெளியிட்டனர். தோற்றவர்களே தோல்வியை ஆராய்ந்தார்கள்.

நம் மாவட்டத்திலும் விதை இல்லாமலில்லை. அருப்புக்கோட்டையில் கல்லூரிப் பேராசிரியராக இருந்து, அறிவொளி இயக்கத்திலும் உழைத்த ச. மாடசாமி, வகுப்பறை உறவைப் பற்றி எழுதிய நூலுக்கு இட்ட பெயர் 'எனக்குரிய இடம் எங்கே?' என்பதாகும். தலைப்பே ஒரு வினா.

ஆலை வண்டிகளில் சென்ற அந்தத் தலைமுறையின் மக்கள் இன்று கல்லூரி வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள். பலர் தம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். ஒரு வகுப்பை எண்ணிப் பாருங்கள். ஆவணியில் நிறைந்திருந்த வகுப்பு ஐப்பசியில் மெலிகிறது. வந்தவர்களும் முதல் மணியில் கண்சொருகுகிறார்கள். ஆசிரியர் தாமே ஆராய்ந்தால் 'அக்கறையின்மை' என்று எழுதுவார். வகுப்பில் ஒரு மாணவனைப் பங்காளியாக்கிக் கேட்டால் வேறு விடை வரும். ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியானபின் அச்சகங்களில் இரவு வேலை மிகும். தீபாவளி நெருங்கினால் பட்டாசுக் கடைகளுக்கு ஆள் தேவைப்படும். வீட்டில் பெட்டி ஒட்டும் வேலையும் கூடும். அந்நாட்களில் எந்தப் பாடத்தை வைப்பது, எதைத் திரும்ப நடத்துவது, எந்தத் தேர்வைத் தள்ளுவது என்பதை அம்மாணவன்தான் கணித்துச் சொல்ல முடியும். ஒரே நிகழ்ச்சிக்கு ஒருவர் 'குணக்குறை' என்று பெயரிடுகிறார். மற்றவர் 'கால அட்டவணைக் குறை' என்கிறார். முதற்பெயரால் மாணவன் தண்டிக்கப்படுவான். இரண்டாம் பெயரால் பாடத்திட்டம் திருந்தும்.

கூட்டுக்கு நிபந்தனை உண்டு

ஆகவே மாணவனைப் பங்காளியாக்குவது நன்று என்று முடித்துவிடலாமா? முடியாது. 'பங்காளி' என்பது இனிய சொல். இனிய சொல்லால் உழைப்பைச் சுரண்டுவதும் உலகில் நடப்பதுதான். நம் பிக்ஹு நூல்கள் வணிகக் கூட்டுக்கு விதித்த நிபந்தனைகளை இங்கே உரைகல்லாக வைத்துப் பார்ப்பது பயனுடையது.

முதலாவது, உடன்பாடு கட்டாயமின்றி அமைய வேண்டும். அகமதிப்பெண் எவர் கையில் இருக்கிறதோ அவரே வந்து, 'தம்பி, என் ஆய்வில் சேர்கிறாயா?' என்று கேட்டால், எந்த மாணவன் மறுப்பான்? அவன் தலையசைப்பு உடன்பாடன்று, அச்சம். எனவே தம்மிடம் மதிப்பெண் பெறாத மாணவரையே ஆசிரியர் சேர்க்க வேண்டும். அல்லது மதிப்பீடு முடிந்த பின்னரே அழைக்க வேண்டும். பிரின்மார் முறையில் அப்பாடத்தைப் பயிலாத மாணவரை வைத்தது இங்கே பொருத்தமாகப் படுகிறது.

இரண்டாவது, பங்கு இன்னதென்று முன்கூட்டியே கூறப்பட வேண்டும். ஒருவர் முதலும் மற்றவர் உழைப்பும் இடும் 'முளாரபா'வில் இலாபப் பங்கு அறியப்படாதிருந்தால் ஒப்பந்தமே செல்லாது. ஆய்வில் மாணவனின் பங்கென்ன? கட்டுரையில் அவன் பெயர் வருமா? உழைத்த மணிகளுக்கு ஊதியம் உண்டா? இது சில்லறைக் கேள்வியன்று. சனி, ஞாயிறுகளில் வேலைக்குச் சென்றால்தான் பேருந்துக் கட்டணம் கிடைக்கும் என்ற நிலையிலுள்ள மாணவி, ஊதியமில்லாத ஆய்வுக் கூட்டத்திற்கு வரமாட்டாள். வசதியுள்ள, சரளமாகப் பேசும், ஆசிரியருக்கு ஏற்கெனவே அணுக்கமான மாணவர்களே வருவார்கள். அவர்களைக் கேட்டுவிட்டு 'மாணவர் கருத்து' என்று எழுதினால், எவருடைய குரலுக்காகக் கதவு திறக்கப்பட்டதோ அவரே வெளியில் நின்றுவிடுவார். அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி சேரும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டத்தைத் தமிழக அரசு 2022 செப்டம்பர் 5இல் தொடங்கியது. படிப்பதற்கே பணம் தடையாகும் என்பதை அரசே ஒப்புக்கொண்டிருக்க, ஆராய்வதற்கு அது தடையாகாது என்று எண்ணுவது பேதைமை.

மூன்றாவது, நட்டத்தின் பொறுப்பு. முளாரபாவில் உழைப்பாளியின் தவறின்றி நேரும் பொருள்நட்டம் முதலிட்டவரையே சாரும். உழைத்தவர் இழப்பது தம் உழைப்பை மட்டுமே. ஆய்வின் முடிவு நிர்வாகத்திற்குக் கசந்தால் அக்கசப்பை ஏற்க வேண்டியவர் ஆசிரியர். அவருக்குப் பணியும் பதவியும் உண்டு. மாணவனுக்கு இருப்பது ஒரு சான்றிதழ் மட்டுமே. 'இது மாணவர்கள் சொன்னது' என்று அவனை முன்னிறுத்தித் தாம் ஒதுங்கிக்கொள்வது அமானிதத்தைப் பேணுவதாகாது.

நான்காவது, விலகும் உரிமை. முளாரபாவை இரு தரப்பாரில் எவரும் முடித்துக்கொள்ளலாம். தேர்வு நெருங்கியதும் 'போதும் ஐயா' என்று சொல்லும் மாணவனை ஆசிரியர் முகம் கோணாமல் விடுவிக்க வேண்டும்.

இந்நான்கோடு ஹதீதுக் கலையிலிருந்து ஒன்றையும் சேர்க்கிறேன். தமக்குச் செய்தி சொன்னவரின் பெயரை மறைத்து, மேலேயுள்ளவரிடம் தாமே நேரில் கேட்டதுபோல் தோன்றச் செய்வதை அறிஞர்கள் 'தத்லீஸ்' என்று கண்டித்தார்கள். மாணவன் கண்டுரைத்த ஒரு நுட்பத்தை ஆசிரியர் கருத்தரங்கில் தம் பெயரில் வாசித்தால், அதற்கு வேறென்ன பெயர் வைப்பது?

கேட்பதும் ஏற்பதும்

இந்தியக் கல்லூரிகளில் மாணவரைக் கேட்கும் வழக்கம் இல்லையென்று சொல்வதற்கில்லை. 1994இல் நிறுவப்பட்ட தேசிய மதிப்பீட்டுக் குழுவான நாக், 2017இல் தன் நெறிமுறையைத் திருத்தியபோது மாணவர் மனநிறைவுக் கணக்கெடுப்பையும் அதில் சேர்த்தது. அது நற்செயலே. ஆனால் வினாவைத் தேர்ந்தவர் மாணவர் அல்லர். விடையைப் பொருள்படுத்துபவரும் அவர் அல்லர். கடைக்காரர் வாடிக்கையாளரைக் கேட்பதும், உடன் வணிகம் செய்பவரைக் கேட்பதும் ஒன்றாகுமா? வாடிக்கையாளர் 'நன்று', 'தீது' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். உடன் வணிகர் கணக்கைத் திறந்து பார்ப்பார்.

பட்டாசு ஆலையை அறிந்தவர்களுக்கு இந்த வேறுபாடு உயிர்ச் செய்தியாகும். கலந்த மருந்தை அன்றன்றே தீர்த்துவிட வேண்டும், இரவு தங்கவிடக் கூடாது என்பது விதி. அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் தானே சூடேறும். விதி சுவரில் எழுதியிருக்கும். இன்று காற்றில் ஈரம் மிகுதி, இந்தச் சாக்கு வழக்கத்திற்கு மாறாகச் சூடாக இருக்கிறது என்பதை முதலில் உணர்வதோ அதைத் தொடும் கை. அந்தக் கைக்குரியவர் சொல்லத் துணிய வேண்டும். போர்மேன் கேட்கத் துணிய வேண்டும். 2012 செப்டம்பர் 5ஆம் நாள், நாடு ஆசிரியர் நாளைக் கொண்டாடிய அன்று, சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டி வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உதவ ஓடிவந்தோரும் அவர்களில் பலர். அவ்விபத்தின் காரணத்தை இங்கே ஆராயப் புகவில்லை. கீழிருந்து எழும் சொல் மேலே சென்று சேரும் வழக்கம், ஒரு மனிதன் ஆலைக்குள் நுழைந்த பிறகு புதிதாக வந்துவிடாது. அது வகுப்பறையிலேயே பழக வேண்டிய ஒன்று என்பதையே சொல்கிறேன். 'எனக்குப் புரியவில்லை' என்று ஆசிரியரிடம் சொல்லப் பழகாதவன், 'இது சரியில்லை' என்று போர்மேனிடம் எவ்வாறு சொல்வான்?

எல்லைகளும் உண்டு. விடைத்தாளுக்கு மதிப்பெண் இடுவதில் மாணவனைப் பங்காளியாக்க முடியாது. பாடத்தின் மெய்ம்மையைப் பெரும்பான்மை வாக்கால் தீர்மானிக்கவும் இயலாது. இலக்கண விதி கடினம் என்று மாணவர் அனைவரும் கூறினாலும் அவ்விதி மாறாது. அதைக் கற்பிக்கும் முறைதான் மாறலாம். எது மாறக்கூடியது, எது மாறாதது என்பதை முதல் நாளிலேயே கூறிவிடும் ஆசிரியர் நேர்மையானவர். எதையும் மாற்றும் எண்ணமின்றி 'உங்கள் கருத்தைக் கூறுங்கள்' என்பவர், கேட்காமலேயே இருந்திருக்கலாம். கேட்டுவிட்டு ஏற்காமல் விடுவது, அடுத்த முறை வாய்திறக்க வேண்டாம் என்று கற்பிப்பதாகும்.

பெற்றோர்களுக்கும் இதில் கடமை உண்டு. கல்லூரியிலிருந்து வரும் மகள், 'அத்தா, இன்று பேராசிரியர் தம் பாடத்தைப் பற்றி என் கருத்தைக் கேட்டார்' என்று சொன்னால், 'பெரியவர்களிடம் வாயாடாதே' என்று அடக்கிவிட வேண்டாம். என்ன சொன்னாய், எவ்வாறு சொன்னாய் என்று கேளுங்கள். சொன்ன முறையில் பணிவு இல்லையெனில் அதைத் திருத்துங்கள். சொன்ன உண்மையைத் திருத்திவிடாதீர்கள். பேரீச்சை என்று தெரிந்தும் பேசாதிருந்த மகனிடம் உமர் (ரலி) அவர்கள் காட்டிய வழி அதுவே.

இமாமுக்கு ஸாஹிபைன் கிடைத்தது அவருடைய நற்பேறு மட்டுமன்று. மாறுபடும் மாணவரை அவையில் இருத்திக்கொள்ளும் நெஞ்சகலம் அவருக்கு இருந்தது. நம் கல்லூரிகளிலும் மத்ரஸாக்களிலும் அத்தகைய ஆசிரியர்களை அல்லாஹ் பெருகச் செய்வானாக. அவர்களோடு துணிந்து, பணிந்து, கூடி ஆராயும் மாணவர்களையும் பெருகச் செய்வானாக!